இட்லிப்பூச் செடி மஞ்சளானால் உரத்தைத் தேடாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பகுதி வீட்டுத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி, இட்லிப்பூச் செடி ஏன் மஞ்சளாகிறது என்பதுதான். கேட்பவர்களில் பலர் அதற்குள் டி.ஏ.பி. உரம், முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வேரில் இட்டு முடித்திருப்பார்கள். செடியோ முன்பைவிட வெளிறித் தளிர்க்கும்.

எந்த இலை மஞ்சளாகிறது என்பதை முதலில் கவனியுங்கள். முதிர்ந்த இலைகள் கரும்பச்சையாகவே இருக்க, நுனிக் கொழுந்து மட்டும் வெளிறி, அதில் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தனித்துத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு இரும்பு எளிதில் இடம்பெயராது என்பதால்தான் கொழுந்து முதலில் பாதிக்கப்படுகிறது. அடி இலைகள் முதலில் மஞ்சளானால், தழைச்சத்தோ (நைட்ரஜன்) மெக்னீசியமோ குறைந்திருக்கலாம். அது வேறு கதை.

மண்ணில் இரும்பு பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது. செடியால்தான் அதை எடுக்க முடிவதில்லை. வெட்சி என்று நம் முன்னோர் அழைத்த இந்தக் குறுஞ்செடி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியதே என்றாலும், அது விரும்புவது கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரையுள்ள, சற்றே புளிப்பான மண்ணை. சுண்ணாம்பு மிகுந்து அந்த நிலை 7.5-ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண்ணில் செழிக்கும் இதே செடி, கடலோரத் தெருக்களில் திணறுவதற்கு மண்ணும் நீருமே காரணம்.

நாம் இதை நடும் இடமோ பெரும்பாலும் காம்பவுண்டு சுவரோரம். வீடு கட்டியபோது சிந்திய சிமெண்டுக் கலவையும் உதிர்ந்த சுண்ணாம்பும் புதைந்து கிடக்கும் இடம் அது. அங்கிருந்து ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணை எடுத்துச் சமையல் வினிகரைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அத்தகைய மண்ணைத் திருத்த முயல்வதைவிட, ஒன்றரை அடி ஆழம் தோண்டி அகற்றிவிட்டு, செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி நடுவதே மேல். இடமில்லாதவர்கள் பெரிய தொட்டியில் வளர்க்கலாம்.

வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணீரும், தொடர்ந்து ஊற்றினால், மண்ணை மெல்ல மெல்லக் காரமாக்கும். அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ஆர்.ஓ. கருவியின் கழிவுநீர். வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செடிக்கு ஊற்றுகிறார்கள். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான். அதைக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைச் சேமிக்க முடிந்தால் இட்லிப்பூவுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை.

முட்டை ஓடும் சாம்பலும் காரத்தைக் கூட்டுபவை, டி.ஏ.பி.யிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தாலும் இரும்பு கிடைப்பது தடைப்படும். இம்மூன்றையும் உடனே நிறுத்துங்கள்.

உடனடி நிவாரணமாக, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலைகளின் இருபுறமும் நனையத் தெளிக்கலாம். அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும்; பழுப்பேறியதை வாங்காதீர்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதிய தளிர்கள் பச்சையாக வரத் தொடங்கும். முன்பே வெளிறிய இலைகள் முழுதும் தேறாமல் போகலாம், அதற்காக அளவைக் கூட்டினால் இலை கருகிவிடும். கரைசல் பட்ட தரையில் துருக்கறை படியும் என்பதால் உடனே கழுவிவிடுங்கள்.