17.5 சென்டிமீட்டர் குழாய்க்குள் ஒரு டி.எம்.எஸ்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அண்ணா, போன மாதம் ஜார்ஜ்டவுனில் நடந்த பழைய பாடல் இரவுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். டி.எம்.எஸ். பாட்டுகளை ஒரு பையன் பாடினான். முப்பது வயதுகூட இருக்காது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அழுதுவிட்டார். கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்ததும், 'இந்தப் பிள்ளைக்கு எப்படிம்மா அந்தத் தொண்டை வந்துச்சு?' என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அந்த நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் எனக்கும் புல்லரித்துவிட்டது. டி.எம்.சௌந்தரராஜன் 2013ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். அவர் இல்லை என்று மூளைக்குத் தெரியும். காது கேட்டால்தானே!

பள்ளியில் படித்ததிலிருந்து தொடங்குவோம். நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல் நாண்களை அதிர வைக்கிறது. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறை, பெண்களுக்கு 200க்குச் சற்று மேல். இந்த எண்தான் சுருதி. ஆனால் சுருதியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கட்டை சுருதியில் 'ச' பிடித்தால் யார் பாடினாலும் 131 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 131 அதிர்வுகள். பக்கத்து வீட்டுக்காரர் பாடினாலும் அதே 131தான், டி.எம்.எஸ். பாடினாலும் அதே 131தான். அப்படியானால் அவருடைய குரல் எங்கே இருக்கிறது?

நாதஸ்வரக் கலைஞர் யாராவது தெரிந்தவராக இருந்தால், வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் தனியாக எடுத்து ஊதச் சொல்லுங்கள். 'பீ' என்று ஒரு கீச்சல் வரும், அவ்வளவுதான். குழலில் செருகினால்தான் அது நாதஸ்வரம். நம் குரல் நாண்களும் சீவாளி மாதிரிதான். தனியாக அவை எழுப்புவது வெறும் ரீங்காரம்: 131, 262, 393, 524 என்று அடுக்கடுக்காகப் பல அதிர்வுகள் கலந்த கலவை. அதற்கு மேலே தொண்டை, வாய், உதடு வரை நீளும் குழாய்தான் அதைக் குரலாக்குகிறது. ஒரு வேறுபாடு உண்டு. நாதஸ்வரத்தில் குழல் சுருதியையே மாற்றிவிடும். நம் தொண்டைக் குழாய் சுருதியைப் பெரும்பாலும் தொடாது, நிறத்தை மட்டுமே மாற்றும்.

எப்படி மாற்றுகிறது? குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கவனித்திருப்பீர்கள். நீர் ஏற ஏறச் சத்தம் கீச்சாகும். பக்கத்து அறையில் இருந்தாலும் குடம் நிரம்பப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். உள்ளே காற்றுப் பகுதி குறையக் குறைய, அது ஒத்து முழங்கும் அதிர்வெண் கூடுகிறது. தொண்டையிலும் இதே கதைதான். வளர்ந்த ஓர் ஆணின் குரல் நாணிலிருந்து உதடு வரை ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழாய் தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளத்துக்கு முழங்கும். நான்கு மடங்கு என்றால் 70 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்றில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகிறது. வகுத்தால் 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு: 1500, 2500. நாண்கள் தரும் கலவையில் இந்த இடங்களுக்கு அருகில் இருப்பவை மட்டும் தூக்கலாகக் கேட்கும், மற்றவை அமுங்கிப்போகும்.

நாக்கையும் தாடையையும் அசைத்தால் இந்த முழக்கங்கள் இடம் மாறும். 'ஆ' சொல்லும்போது முதல் இரண்டும் 700, 1100 பக்கம் நிற்கும். 'ஈ' சொன்னால் 300க்கும் 2300க்கும் பிரிந்து ஓடும். நெஞ்சு, மிடறு, தலை, நா, அண்ணம், பல், இதழ், மூக்கு என்று தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்து பிறக்கும் எட்டு இடங்களை அடுக்குகிறதே, அது இந்தக் குழாயின் வரைபடம்தான். அளவுகோல் கையில் இல்லாமலே அதை எழுதிவைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எழுத்தைப் பெரும்பாலும் முதல் இரண்டு முழக்கங்களே தீர்மானிக்கின்றன. ஆளைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு மேலே உள்ளவற்றுக்கும், குழாயின் மொத்த நீளத்துக்கும், மூக்கு வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கும் பெரிய பங்கு. அந்தப் பையன் வேலை செய்வது இங்கேதான்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பார்த்தேன். வெந்நீர்க் குடுவையும் கரிப்பாப் பலகாரத் தட்டும் பக்கத்தில் இருந்தன. கைப்பேசியில் ஒலியைப் பட்டைகளாகக் காட்டும் செயலியைத் திறந்து நீட்டி, "ஒரே சுருதியில் ஒரு 'ஆ', எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் தனித்தனியாகப் பாடிக் காட்டுங்கள் தம்பி" என்றேன். இரு நடிகர்களுக்கும் டி.எம்.எஸ். குரலை மாற்றிப் பாடியது ஊரறிந்த செய்தி. பையன் பாடினார். திரையில் சுருதிக் கோடுகள் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஒளிர்ந்த பட்டைகள் மட்டும், சிவாஜிக்கு மாறிய கணத்தில், எல்லாம் சேர்ந்து கீழே இறங்கின. அவர் கழுத்தைப் பார்த்தேன். குரல்வளை மேடும் இறங்கியிருந்தது.

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "எம்.ஜி.ஆர். பாட்டுன்னா சிரிக்கிற மாதிரி வாயை வைச்சுக்குவேண்ணே. சிவாஜி பாட்டுன்னா கொட்டாவி விடப்போற மாதிரி."

பாடப்புத்தகமே எழுந்து பேசியது போலிருந்தது எனக்கு. சிரித்தால் உதடுகள் பின்னுக்குப் போகும், குழாய் நீளம் குறையும், முழக்கங்கள் ஏறும், குரல் வெளிச்சமாகும். கொட்டாவியில் குரல்வளை இறங்கும், குழாய் நீளும். ஒரு சென்டிமீட்டர் நீண்டாலே 500 என்பது 473 ஆகிவிடும், மற்றவையும் அதே விகிதத்தில் இறங்கும். பெரிய உடம்புக்கு நீளமான குழாய் என்பது நம் காதுக்குப் பழகிய கணக்கு. அதனால் மெலிந்த அந்தப் பையனுக்குள்ளிருந்து ஒரு பெரிய மனிதர் பாடுவதாகக் கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கீபோர்டும் ட்ரம்ஸும் தபேலாவும் சேர்ந்து முழங்கும்போது குரல் ஏன் மூழ்குவதில்லை? மைக் மட்டும் காரணமில்லை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோகான் சுண்ட்பெர்க், மேடைகளில் மைக் இல்லாமல் பாடும் ஆபெரா என்ற மேற்கத்திய இசைநாடக ஆண் பாடகர்களின் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தனி மேடு இருப்பதை 1970களில் விளக்கினார். நாண்களுக்கு நேர் மேலே உள்ள சின்ன அறையைக் குறுக்கினால், மேல் முழக்கங்கள் அங்கே ஒன்றுகூடும். வாத்தியங்களின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருப்பதால், 3000இல் கூட்டம் குறைவு. நம் காதுத் துவாரமோ ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். அதுவும் ஒரு முனை மூடிய குழாய்தான், மூடியிருப்பது செவிப்பறை. அதே கணக்கைப் போட்டால் அது முழங்குவது 3400 ஹெர்ட்ஸ் அருகே. பாடுகிறவர் தொண்டைக்குள் ஒரு சின்னக் குழாய், கேட்கிறவர் காதுக்குள் ஒரு சின்னக் குழாய், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முழங்குகின்றன. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாவின் கண்ணீருக்கு மூளையும் காரணம். 2011இல் கனடாவின் மாண்ட்ரியலில் மூளை ஆய்வாளர் ராபர்ட் சடோர் குழுவினர், பிடித்த இசையில் சிலிர்க்கும்போது மூளையில் டோபமைன் என்ற இன்பம் தரும் வேதிப்பொருள் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். உச்சத்தில் மட்டுமல்ல, உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் அது சுரந்தது. ஐம்பது ஆண்டுகளாக மனப்பாடமான பாட்டில் அந்த அம்மாவுக்கு எந்த நொடி எது வரும் என்று தெரியும். பையன் அதைச் சரியான நொடியில் கொடுத்தார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது ஒருவர், "டி.எம்.எஸ். ஆவியே தம்பி மேல இறங்கிடுச்சு" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து குளியலறையில் ஒரே வரியை நூறு முறை பாடி, காதால் அளந்து, குழாயை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருத்திய உழைப்பை ஆவியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தேனும் பனங்கற்கண்டும் நாண்களுக்கு எண்ணெய் போடும் என்பதும் அப்படித்தான். விழுங்கியது உணவுக்குழாய்க்குப் போகும், நாண்களைத் தொடாது. தொட்டால் இருமிவிடுவோம்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. மேலே 'ஆ', 'ஈ' என்று நான் கொடுத்த எண்கள், 1952இல் அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் 76 பேரை அளந்து வெளியிட்டவற்றை ஒட்டியவை. ஒரு மைக்கும் அமைதியான அறையும் போதும், நம் தோட்டத்துப் பாட்டிகளின் தமிழ் உயிரெழுத்துகளை அளந்துவிடலாம். மலேசியப் பல்கலைக்கழகங்கள் அதற்கு ஒரு சின்ன மானியமாவது ஒதுக்க வேண்டும், அந்தப் பாட்டிகள் இருக்கும்போதே.

சகோதரி, அடுத்த நிகழ்ச்சிக்கு அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். எம்.ஜி.ஆர். பாட்டு முடிந்து சிவாஜி பாட்டு தொடங்கும்போது மட்டும் கண்ணை மூட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பையனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.