அணைக்கு ‘அதிக ஆபத்து’ என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

அமெரிக்காவில் அணைகளுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது, 90,000-க்கும் மேற்பட்ட அணைகள் அதில் உண்டு. ஊருக்கு மேலே இருக்கும் சின்னப் பாசன அணையை ஒருவர் அதில் தேடுகிறார், ‘அதிக ஆபத்து’ என்று இருக்கிறது, அணை இன்றைக்கோ நாளைக்கோ உடைந்துவிடும் என்று பதறிவிடுகிறார். ஆனால் அந்தச் சொல் அணையின் பலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. உயிர் போக வாய்ப்பிருந்தால் ‘அதிகம்’. உயிர் போகாது, ஆனால் சாலை, பாலம், சொத்து என்று பெரிய நஷ்டம் வரும் என்றால் நடுத்தரம். சேதம் பெரும்பாலும் அணைக்காரரின் நிலத்தோடு நின்றுவிடுமானால் ‘குறைவு’. நேற்றுக் கட்டி முடித்த, ஒரு சொட்டு கசியாத அணைகூட ‘அதிகம்’ என்று வாங்கலாம்.

அணை எப்படி இருக்கிறது என்பது தனிக் கணக்கு. அதற்கு ஆள் நேரில் போய்க் கரைமேல் நடந்து பார்க்க வேண்டும். விரிசல் இருக்கிறதா, எலி வளை தோண்டியிருக்கிறதா, மரம் வேர்விட்டிருக்கிறதா, கரையடியில் ஊறும் தண்ணீர் தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா. கலங்கல் என்றால் தண்ணீர் உள்ளே இருக்கும் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது, அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கொலராடோ மாநிலத்தில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குள் மலைமேல் இருந்த லான் லேக் அணை இப்படித்தான் உள்ளுக்குள் அரிபட்டுப் போனது. விவசாயிகள் பாசனத்துக்காக 1903-ல் கட்டிய மண் அணை, உயரம் வெறும் 26 அடி. கரைக்குள் போகும் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். காலப்போக்கில் அந்த ஈயம் கெட்டு, அழுத்தத்தோடு கசிந்த தண்ணீர் கரைமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. 1982 ஜூலை 15 விடியற்காலை கரை உடைந்தது. தேங்கியிருந்த தண்ணீர் 30 மில்லியன் கனஅடிகூட இல்லை, ஒரு டிஎம்சியில் நூற்றில் மூன்று பங்குதான். ஆனால் செங்குத்தான பள்ளத்தாக்கில் அது இறங்கிய வேகம் உச்சத்தில் விநாடிக்கு 18,000 கனஅடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கீழே கேஸ்கேட் என்று இன்னொரு சின்னக் கான்கிரீட் அணை. அதன் தலைக்கு மேலே 4 அடிக்கும் அதிகமாகத் தண்ணீர் ஏறியதும் அதுவும் சாய்ந்து, வெள்ளம் மறுபடி பெருத்தது. கூடாரம் போட்டுத் தங்கியிருந்த மூன்று பேர் இறந்தார்கள், எஸ்டிஸ் பார்க் ஊரின் கடைவீதி சேற்றில் மூழ்கியது. அதனால்தான் ஆபத்தைக் கணக்கிடும்போது வீடுகளை மட்டும் எண்ணினால் போதாது என்கிறேன், முகாம் போடும் இடமும் கீழே இருக்கும் அடுத்த அணையும் கணக்கில் வர வேண்டும்.

அப்புறம், இந்த மதிப்பீடு ஒருமுறை போட்டதோடு முடிந்துவிடாது. அணையில் ஒரு கல்கூட நகராமல் இருக்கலாம், கீழே வயல் மனையாகி நாலு வீடு வந்துவிட்டால் ‘குறைவு’ ‘அதிகம்’ ஆகிவிடும். அப்போது உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கைப் பெரிதாக்கு, அடிக்கடி சோதனை செய், வெள்ளம் வந்தால் யாரை எப்படி எழுப்புவது என்று திட்டம் எழுது என்று செலவு ஏறும், சிறிய நகராட்சிகள் இதில்தான் திணறிப்போகின்றன.

லான் லேக்கை யாரும் திரும்பக் கட்டவில்லை. அதே தேசியப் பூங்காவுக்குள் லாங்மாண்ட் நகராட்சி வைத்திருந்த மூன்று பழைய அணைகளையும் பூங்கா நிர்வாகம் 1980-களின் கடைசியில் வாங்கி அகற்றத் தொடங்கியது. அவற்றில் புளூபேர்ட் அணையின் கான்கிரீட்டை உடைத்து ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்தார்கள்.