முதுமையில் வரும் வலிப்பு: மாத்திரை தொடங்கிய பிறகான ஆண்டுகள்

ஆறு ஆண்டுகளுக்கு முன், 72 வயதுப் பெரியவர் ஒருவரை என்னிடம் அழைத்து வந்த மகள், வலிப்பு என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. "அப்பா சாப்பிடும்போதே ஓரிரு நிமிடம் வெறித்துப் பார்க்கிறார், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கிறார், பிறகு அரை நாள் குழம்பிப்போகிறார், மறதி நோயா டாக்டர்?" என்றுதான் கேட்டார். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்து தேறியிருந்தது.

கை கால் வெட்டி இழுக்காத இத்தகைய வலிப்பே முதியவர்களிடம் மிகுதி. 65 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலிப்பு நோய்க்குப் பக்கவாதமே முதன்மைக் காரணம். அறிவுத்திறன் குறையும் நோய்கள், மூளைக் கட்டி, தலைக்காயம் ஆகியவை அடுத்து வருகின்றன. பக்கவாதம் தாக்கிய முதல் 7 நாட்களுக்குள் வரும் வலிப்பு பெரும்பாலும் அந்த நேரத்துப் பாதிப்பின் விளைவு. மாதங்கள் கழித்து வருவது, மூளையில் நிலைத்துவிட்ட தழும்பிலிருந்து கிளம்புவது. அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 விழுக்காட்டையேனும் எட்டுமானால் ஒரே வலிப்பையும் வலிப்பு நோயாகக் கொள்ளலாம் என்று பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2014-ல் வரையறுத்தது. அந்தப் பெரியவருக்கு உடனே மருந்து தொடங்கியதும் அதனால்தான்.

முதுமையில் தொடங்கும் வலிப்பு, பெரும்பாலானோருக்கு ஒரே மருந்தில், அதுவும் குறைந்த அளவிலேயே அடங்கிவிடுகிறது. கட்டியோ வளர்ந்துகொண்டே போகும் மறதி நோயோ இருந்தால் மட்டும் கதை வேறு. ஆனால் தழும்பு மறைவதில்லை என்பதால், வலிப்பு நின்றுவிட்டதே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஏகாதசி விரதத்தன்று தண்ணீரோடு மாத்திரையையும் விட்டுவிட்டு, மறுநாள் வலிப்போடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நான் அதிகம் கவலைப்படுவது வலிப்பு அடங்கிய பின்வரும் ஆண்டுகளைப் பற்றித்தான். நோய் அப்படியே இருக்க, உடல் மாறுகிறது: சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் தளர்கிறது, இரத்தத்தில் மருந்தைப் பிடித்துவைக்கும் அல்புமின் என்ற புரதம் குறைகிறது. பல ஆண்டுகளாக ஒரே அளவு ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தை எடுத்துவந்த ஓர் அம்மா தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான், வயதின் தள்ளாட்டம் என்று வீட்டார் நினைத்திருந்தது மருந்தின் மிகுதி என்று தெரிந்தது. அதே மருந்து நாளடைவில் எலும்பையும் மெலிய வைக்கும். இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமாசெபைன் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும், அந்தக் குறைவே வலிப்பைத் தூண்டும். இவ்விரு மருந்துகளும் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளின் வீரியத்தைக் குறைத்துவிடுவதால், மற்ற மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மருந்து இவ்வகையில் தொல்லை குறைந்தது. எனினும் சிலரைச் சிடுசிடுப்பாக்கும், சிறுநீரகத்துக்கேற்ப அளவையும் திருத்த வேண்டும்.

வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் கவனியுங்கள். 5 நிமிடம் கடந்தால் 108-ஐ அழையுங்கள்.

அந்தப் பெரியவருக்கு இப்போது 78 வயது. ஐந்து ஆண்டுகளாக வலிப்பு இல்லை. சென்ற மாதம் பகலிலும் தூங்கி வழிகிறார் என்று அழைத்து வந்தார்கள். சிறுநீரகத் தளர்வைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறியிருந்ததால் லெவெடிரசெட்டாமின் அளவைக் குறைத்தேன். "குறைத்தால் திரும்ப வந்துவிடாதா?" என்று மகள் தயங்கினார். முன்பு உடலில் நின்ற அளவே இப்போதும் நிற்கும், மிகுதிதான் போகும் என்று விளக்கினேன். இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் தாமே நடந்து வந்து, நாற்காலியில் அமரும் முன்பே செய்தித்தாளில் படித்ததைச் சொல்லத் தொடங்கினார்.