குடியரசுத் தலைவர் விமானம்: 4,469 கோடியா, 8,400 கோடியா?

2020 நவம்பர் 24, நிவர் புயல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் புது போயிங் 777 விமானத்தில் சென்னைக்கு வந்தார். திருப்பதி தரிசனத்துக்கான அந்தப் பயணம்தான் விமானத்தின் முதல் விவிஐபி பயணம்.

விலைச் சண்டை அதற்கு முந்தைய மாதமே தொடங்கிவிட்டது. பிரதமர் தனக்காக 8,400 கோடியில் விமானம் வாங்கினார் என்றார் ராகுல் காந்தி. வாங்கும் வேலை 2011-இலேயே தொடங்கியது, விமானம் விமானப்படையுடையது என்றது அரசுத் தரப்பு. யார் தொடங்கினார்கள் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு ஆனது என்பது வேறு கேள்வி.

இதைப் பயன்படுத்தும் உரிமை மூவருக்கு: குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர், பிரதமர். முன்பு ஏர் இந்தியாவின் 747 விமானங்களில் ஒன்றைப் பயணிகள் சேவையிலிருந்து எடுத்து, உள்ளே மாற்றி அனுப்புவார்கள். பயணம் முடிந்ததும் பில் அமைச்சகங்களுக்குப் போகும். பணம்தான் லேசில் வராது. ஒரு கட்டத்தில் பாக்கி 1,000 கோடியைத் தாண்டியது. இப்போது இரண்டு 777-கள் இதற்கென்றே தனியாக இருக்கின்றன. ஓட்டுவது விமானப்படை விமானிகள்.

சரி, எந்தத் தொகை சரி? 2018-19 மத்திய பட்ஜெட்டில் இந்த இரண்டு விமானங்களுக்கு 4,469.50 கோடி ஒதுக்கினார்கள். 2020-21-இல் மேலும் 810.23 கோடி. இரண்டையும் கூட்டினால் சுமார் 5,280 கோடி. இந்த விமானங்களில் பொருத்தும் ஏவுகணைத் தற்காப்புக் கருவிகளுக்கு அமெரிக்கா 2019-இல் சொன்ன மதிப்பு 19 கோடி டாலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,350 கோடி ரூபாய். அது இந்த ஒதுக்கீட்டுக்குள் வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதைப் பொறுத்தே மொத்தம் மாறும். போதாததற்கு, ஒதுக்கியதெல்லாம் செலவானதாகவும் ஆகாது. ஒவ்வொரு அமைச்சகமும் பட்ஜெட்டில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை அட்டவணையில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. உண்மைச் செலவு இரண்டு வருடம் கழித்து வரும் பட்ஜெட்டில்தான் தெரியும். மேடையில் பேசுகிறவர்கள் அதுவரை எங்கே காத்திருக்கப் போகிறார்கள்?

நீங்களே கேட்கலாம். மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) ஆன்லைன் தளத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, 10 ரூபாய் கட்டினால் போதும். தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இதில் வேலை இல்லை. தற்காப்புக் கருவிகளைப் பற்றிக் கேட்டால் அந்தச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டிப் பாதுகாப்புக் காரணம் சொல்லிவிடுவார்கள். அதனால் விமான விலை, உள்மாற்றம், தற்காப்புக் கருவி என்று தலைப்புவாரியாக, ஆண்டுவாரியாக, தொகையை மட்டும் கேளுங்கள். மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மீதியைத் தர 10-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்பதையும் மனுவில் எழுதிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே தளத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.