‘சுயாதீன விசாரணை’ என்றால் யாருக்குக் கீழே?

பொலிஸ் காவலில் ஒருவர் இறந்துபோனார் என்ற செய்தியின் கடைசி வரி அநேகமாக இப்படித்தான் முடியும்: “மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.” கோழிக் களவுக்கும் வீதி விபத்துக்கும் எழுதுகிற அதே வரி. அடுத்த நாள் உறவினர்களும் சிவில் அமைப்புகளும் அறிக்கை விடுவார்கள்: “சுயாதீன விசாரணை வேண்டும்.” திருகோணமலையில் இந்தத் தொடரைக் கேட்காத காது இல்லை. ஆனால் சுயாதீனம் என்றால் என்ன என்று கேட்டால், “நேர்மையா விசாரிக்கிறது” என்றுதான் பலரும் சொல்வார்கள். அது அரைவாசிகூடச் சரியில்லை.

சொல்லை உடைத்துப் பார்ப்போம். ‘அதீனம்’ வடசொல். ஒருவருக்குக் கீழ்ப்பட்டது, ஒருவர் கைக்குள் இருப்பது என்று பொருள். நம் சைவ மடங்களை ஆதீனம் என்பதும் இந்த வழியில்தான். திருகோணமலையிலேயே தென்கயிலை ஆதீனம் இருக்கிறது. முன்னால் ‘தன்’ என்ற பொருளுள்ள ‘ஸ்வ’ சேர்ந்தால் தன் கைக்குள் தானே இருப்பது என்றாகும். அது தமிழுக்கு இரண்டு உருவத்தில் வந்தது. தமிழ்நாட்டில் ‘சுவாதீனம்’ நிலைத்தது. அங்கே காணி உறுதியில் “சொத்தைச் சுவாதீனம் ஒப்படைத்தேன்” என்று எழுதுவார்கள், மனநிலை பிசகியவரைப் “புத்தி சுவாதீனம் இல்லாதவர்” என்பார்கள். இலங்கையில் ‘சுயாதீனம்’ நிலைத்தது. சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல் என்பதால் அரச ஆவணங்களில் அது வேர்விட்டுவிட்டது. சுயாதீன ஆணைக்குழு, சுயாதீனத் தொலைக்காட்சி எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஆக, இந்தச் சொல் ஒருவரின் குணத்தைப் பற்றிப் பேசவில்லை. யார் கைக்குள் இருக்கிறார் என்பதைத்தான் கேட்கிறது. நேர்மைக்கும் நடுநிலைக்கும் நம்மிடம் வேறு சொல் இருக்கிறது: ‘பக்கச்சார்பற்ற’. அறிக்கைகளில் “சுயாதீனமான, பக்கச்சார்பற்ற” என்று இரண்டையும் இரட்டைப்பிள்ளை மாதிரிச் சேர்த்தே எழுதுவதால் இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரி தங்கமான மனிதராக இருக்கலாம். பக்கம் சாராமல் விசாரிக்கவும் விரும்பலாம். ஆனால் தன்னுடைய இடமாற்றத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கிற அதே படிநிலைக்குள் இருந்துகொண்டு, பக்கத்து மேசைக்காரரின் கூண்டில் நடந்த சாவை விசாரித்தால் அது சுயாதீன விசாரணை ஆகாது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2001 இல் வட அயர்லாந்து வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொன்னது: சம்பந்தப்பட்டவர்களோடு படிநிலைத் தொடர்போ நிறுவனத் தொடர்போ இருக்கக் கூடாது, அது காகிதத்தில் மட்டும் அல்லாமல் நடைமுறையிலும் இருக்கக் கூடாது.

அடுத்தது ‘விசாரணை’. இதுவும் வடமொழி வழி வந்ததுதான், ஆனால் தமிழில் பழகிப் பழகி வீட்டுச் சொல்லாகிவிட்டது. “அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்கோ” என்பதிலும் அது இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பொலிஸ் தடயம் தேடுவதும் விசாரணை, நீதிமன்றத்தில் சாட்சி கேட்பதும் விசாரணை, திணைக்களத்துக்குள் ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பதும் விசாரணை. சட்டத் தமிழ் இதைப் பிரிக்கப் பார்க்கிறது. தடயமும் சாட்சியமும் திரட்டுவதற்குப் ‘புலனாய்வு’, நீதிமன்ற வழக்கு நடப்பதற்கு ‘விளக்கம்’. அப்படிப் பார்த்தால் காவல் மரணத்தில் நாம் கேட்க வேண்டியது சுயாதீனப் ‘புலனாய்வு’.

ஆனால் திருமலையில், அதாவது திருகோணமலையில், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்திப் பாருங்கள். “புலனாய்வு வந்து விசாரிச்சிட்டுப் போனவங்கள்” என்றால் இங்கே யாரும் தடயவியலை நினைப்பதில்லை. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யார் யார் வந்துபோனார்கள் என்று கேட்கிறவர்களைத்தான் நினைப்பார்கள். உளவு வேலைக்கும் குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டோம். அதனால்தான் அகராதி என்ன சொன்னாலும் இங்கே உள்ள அமைப்புகள் ‘விசாரணை’யை விடவில்லை. அதில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனிக் ‘காவல்’. இது நம்முடையது. ‘கா’ என்ற வேரிலிருந்து பிறந்தது, காப்பது என்று பொருள். அரசனுக்குக் காவலன் என்று பெயர். தம்பலகாமத்து வயலில் பன்றிக்கும் யானைக்கும் விழித்திருப்பதும் காவல்தான். பயிரைக் காவல் காப்பவன் விடிகிறபோது அந்தப் பயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவன். ஒருவரைப் பிடித்து அடைத்துவைப்பதையும் நம் மொழி காவல் என்றே சொல்கிறது. சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் பார்க்கிறது. 1991 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்டு 2016 இல் திருத்திய மினசோட்டா நெறிமுறை, அரசின் காவலில் ஒருவர் இறந்தால் அரசே பொறுப்பு என்ற அனுமானத்திலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநில வழக்கறிஞர் குழு ஒன்று 1980களில் தொடக்கிய வேலை என்பதால் அந்தப் பெயர்.

பத்திரிகைகள் இதிலும் ஒரு குழப்பம் செய்கின்றன. பொலிஸ் பிடித்துவைத்திருந்த ஒருவர் இறந்தால் “தடுப்புக்காவலில் மரணம்” என்று தலைப்பிடுகிறார்கள். தடுப்புக்காவல் வேறு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கட்டளை போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் அது. 18 மாதமாக இருந்த அந்த உச்ச வரம்பு 2022 திருத்தத்தில் 12 மாதமாகியது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸ் காவல் 24 மணித்தியாலம்தான், பயண நேரம் தவிர. அதற்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். நீதவான் அனுப்பினால் அது ‘விளக்கமறியல்’, பொறுப்பு சிறைச்சாலைக்குப் போகிறது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே மறியல் என்றால் சிறை. பஸ்ஸை மறிப்பது அல்ல.) தமிழ்நாட்டில் ‘லாக்கப் மரணம்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். கேட்டவுடன் விளங்குகிற சொல், ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. 2020 இல் சாத்தான்குளத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் லாக்கப்பில் இறக்கவில்லை. ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பிய பிறகுதான் உயிர் போனது. இங்கேயும் பாயாகலை பொலிஸில் சித்திரவதைக்குள்ளான ஒருவர் விளக்கமறியலில்தான் இறந்தார். உயிர் எங்கே போனது என்பதை வைத்து மட்டும் பெயர் சூட்டினால், காயம் எங்கே பட்டது என்பது மறைந்துவிடும்.

சரி, நம் சட்டத்தில் சுயாதீனம் எங்கே இருக்கிறது? 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371 ஆம் பிரிவில் இருக்கிறது. சாதாரணத் திடீர்ச் சாவு என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்ப்பார். பொலிஸ் காவலிலோ சிறையிலோ சாவு என்றால் அது போதாது. பொறுப்பில் இருந்த அதிகாரி உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், நீதவான் உடலை நேரில் பார்வையிட்டு மரணத்தின் காரணத்தை விசாரிக்க வேண்டும். பிரேத பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரி செய்வார். இவர்கள் யாரும் பொலிஸ் மாஅதிபருக்குக் கீழே இல்லை. இதுவரை நல்லது.

அதற்கு அப்புறம்தான் வண்டி பழைய தடத்துக்கே திரும்புகிறது. நீதவான் மரணத்தின் காரணத்தைத்தான் சொல்கிறார், ஆளைத் தேடிப் பிடிப்பதில்லை. வாக்குமூலம் எடுப்பதும், நிலையத்தின் தகவல் புத்தகத்தைக் கைப்பற்றுவதும், விசாரணை எதுவரை வந்தது என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் ‘பி அறிக்கை’ கொடுப்பதும் பொலிஸ்தான். பெரிய சத்தம் எழுந்தால் கோப்பு அதே திணைக்களத்தின் வேறொரு பிரிவுக்குப் போகும். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கை ஒழுக்காற்றோடு நின்றுவிடுகிறது. சித்திரவதைக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை என்று 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தத் தண்டனை வரைக்கும் கொண்டுபோகிற சாட்சியத்தை முதல் நாளிலேயே யார் சேகரித்தது என்பதுதான் கேள்வி. சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே நிலையத்தில் அவமதித்தபோது, மதுரை உயர் நீதிமன்றக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி உத்தரவிட்டது. சுயாதீனம் என்ற சொல்லுக்கு நான் பார்த்த மிக நேரடியான பொருள் விளக்கம் அதுதான்: சாவி யார் கையில்?

திருமலைக்கு இது புத்தகப் பாடம் அல்ல. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததாக முதலில் சொல்லப்பட்டது. பிரேத அறையில் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்தப் படங்களை எடுத்த சுடர் ஒளிப் பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாணவர்கள் பொலிஸ் நிலையத்துக்குள் இருக்கவில்லைதான். ஆனால் படையினர் வீதியை மறித்து, ஓட விடாமல் ஆயுதத்தோடு சுற்றி நின்றால் அந்த நிமிடத்தில் அவர்கள் யாருடைய காவலில் இருந்தார்கள்? காவல் என்பது கட்டடத்தின் பெயர் இல்லை.

அந்த வழக்கையும், அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்ட வழக்கையும் விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதைக் கண்காணிக்க முன்னாள் இந்தியப் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேச நிபுணர் குழு வந்தது. அந்தக் குழு 2008 இல் வெளியேறியபோது சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று, சட்டமா அதிபர் திணைக்களத்து அதிகாரிகளே ஆணைக்குழுவுக்குச் சட்டத்தரணிகளாக இருந்தது. அரசுக்கு ஆலோசனை சொல்கிறவரே அரசைப் பற்றிய விசாரணையை வழிநடத்தினால் நலன்கள் முரண்படும் என்றார்கள். அவர்கள் யாரையும் கெட்டவர் என்று சொல்லவில்லை, யார் யாருக்குக் கீழே என்பதைத்தான் சொன்னார்கள். மாணவர் வழக்கில் கைதான 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 371 ஆம் பிரிவு வேலை செய்ய ஓர் உடல் வேண்டும். 2015 நவம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பிடம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனது. அங்கே வைத்திருக்கப்பட்டு இன்றுவரை திரும்பாதவர்களுக்கு மரண விசாரணை என்ற சொல்லே எட்டாது.

அப்படியானால் நல்ல தமிழில் என்ன சொல்வது? ‘சுதந்திர விசாரணை’ என்று தமிழ்நாட்டில் எழுதுகிறார்கள்; இங்கே அது பெப்ரவரி 4 ஐத்தான் நினைவூட்டும். ‘தற்சார்பு’ வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்தும். பொருளை அச்சொட்டாகப் பிடிக்கிற பழஞ்சொல் ஒன்று உண்டு: ‘தன்வயம்’. திருக்குறளில் வரும் ‘எண்குணத்தான்’ என்ற சொல்லுக்கு உரை சொல்லும் பரிமேலழகர் இறைவனின் குணங்களில் முதலாவதாகத் ‘தன்வயத்தனாதல்’ என்பதை வைக்கிறார். பிறர் வயப்படாமல் தன் வயத்தில் நிற்பது. அழகான சொல், ஆனால் பொலிஸ் முறைப்பாட்டில் எழுதினால் கோயில் பிரசங்கம் மாதிரி இருக்கும்.

என் தெரிவு ‘சாரா’. அரசு சாரா நிறுவனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம் அல்லவா, அதே அச்சில் ‘பொலிஸ் சாரா விசாரணை’. சார்தல் என்றால் ஒன்றை அண்டி நிற்பது, சாய்ந்து நிற்பது. ‘சார்பற்ற’ என்று வெறுமனே எழுதினால் மனச்சாய்வு இல்லாதது என்று போய்விடும். எதைச் சாராதது என்று பெயர் சொல்லி எழுதினால் தப்ப வழி இல்லை. சட்ட ஆவணத்தில் ‘சுயாதீனப் புலனாய்வு’ இருக்கட்டும், நீதிமன்றம் அதைத்தான் அடையாளம் காணும்.

மனு எழுதுகிறவர்கள் “சுயாதீன விசாரணை நடத்த வேண்டும்” என்று ஒரு வரியோடு நிறுத்தினால் “நடத்துகிறோம்” என்று பதில் வரும், கோப்பு அடுத்த அறைக்குப் போகும். “சம்பவம் நடந்த நிலையத்தையும் அதன் மேலதிகாரிகளையும் சாராதவர்களைக் கொண்டு” என்று எழுதுங்கள். பிரேத பரிசோதனையில் குடும்பத்தின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதையும், தகவல் புத்தகத்தை நீதவானின் பொறுப்பில் எடுக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போவதானால் ஒரு மாதம்தான் தவணை. பாயாகலை வழக்கில் இறந்தவரின் மனைவி வழக்காட அந்த நீதிமன்றமே வழிவிட்டது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் தவணைக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை.