வெட்டாமலே விழும் ஓரம்

கணினியில் புகைப்படங்களை அலங்கரித்து அடுக்கும் டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கங்களில் புகைப்படத்தின் ஓரம் அலையலையாக வளைந்திருக்கும், தபால்தலை போலப் பல் வைத்திருக்கும், கையால் கிழித்தது போலவும் இருக்கும். எதிலும் படம் வெட்டப்படவில்லை. முழுப்படம் அப்படியே இருக்க, எந்த இடம் தெரியலாம், எது மறைய வேண்டும் என்பதை அதோடு சேர்த்த மாஸ்க் முடிவு செய்கிறது.

மாஸ்க்கில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 முழு மறைவு. 255 முழுத் தெளிவு. நிறத்தோடு இந்த எண்ணையும் சேர்த்து வைக்கும் ஆல்ஃபா சேனலை 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் கணினி வரைகலை ஆய்வாளர்களான எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் உருவாக்கினார்கள்.

நடுவில் இத்தனை எண்கள் எதற்கு? பிக்சல் சதுரமானது; வளைந்த ஓரம் அதன் குறுக்கே போகும். தெரியும், தெரியாது என்று இரண்டே நிலை இருந்தால் வளைவு படிக்கட்டாகிவிடும். அதனால் வளைவுக்குள் பாதி அகப்பட்ட பிக்சலுக்குச் சுமார் 128 கிடைக்கிறது. அங்கே படத்தின் நிறமும் அடித்தாளின் நிறமும் பாதிக்குப் பாதி கலக்கின்றன. கண்ணுக்கு அது வழுவழுப்பான கோடு.

வெள்ளைப் பின்னணியில் வெட்டிய பூவைக் கருநீலத் தாளில் வைத்தால் சுற்றிலும் வெளுத்த விளிம்பு தெரிவதும் இதனால்தான். ஓரப் பிக்சல்களில் பழைய வெள்ளை முன்பே கலந்துவிட்டது. ஜேபெக் கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. ஓரங்களை ஆல்ஃபாவுக்கு இடமுள்ள பிஎன்ஜி கோப்பாகச் சேமிப்பது அதற்காகத்தான்.

அலை ஓரத்துக்குக் கொஞ்சம் கணக்கும் வேண்டும். 12 அங்குலப் பக்கம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் ஓர் ஓரத்தின் நீளம் 3600 பிக்சல். 150 பிக்சல் அகல வளைவுகள் சரியாக 24 அடங்கும். 160 வைத்தால் மூலையில் அரை வளைவு தொங்கும். அதை மறைக்க அங்கே ஒரு பட்டனை ஒட்டுவது நம் வழக்கமான தந்திரம்!

எனக்குப் பிடித்தது கிழிந்த ஓரம். அச்சிட்ட தாளில் நிறம் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். சாய்வாகக் கிழிந்தால் உள்ளிருக்கும் வெள்ளை நார் வெளிப்படும். கணினியில் இதற்கு இரண்டு மாஸ்க்குகள் போடுகிறார்கள்: மேலே படம், அடியில் சற்றே அகலமான வெள்ளைத் தாள். இரண்டின் ஓரமும் தற்செயல் எண்களால் நெளிகின்றன. ஆனால் ஒரே நெளிவு கூடாது. இரண்டும் இணையாக ஓடினால், வெள்ளைப் பட்டை பெயின்ட் கோடு போலத்தான் தெரியும்.