உப்புக்காற்று ஊரில் ஒரு நீலச் சுவர்

திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் பழைய ஓட்டு வீடுகளுக்கு இப்போது பளிச்சென்ற நிறங்கள் அடிக்கிறார்கள், எனக்கு அது நல்லாகவே பிடிக்கும். ஆனால் என்ன நிறம் என்று நாள் கணக்கில் பேசுகிறவர்கள், அந்த நிறம் எதில் கலந்து சுவருக்குப் போகிறது என்று கேட்பதே இல்லை.

எங்கள் அம்மம்மா வீட்டு முன்சுவருக்கு ஆவணியில் கடும்நீல எமல்ஷன் பெயின்ட் அடித்தோம். மாரி மழை முடிந்து தை பிறக்கும்போது முழங்கால் உயரம் வரைக்கும் கொப்புளம். ஒன்றை நகத்தால் கிழித்துப் பார்த்தேன், ஈரச் சாந்து மாவாகக் கொட்டியது, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது.

அந்தக் காலத்துச் சுவர்களில் கல்லையும் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்துதான் பிடித்து வைத்திருக்கிறது. நிலத்து ஈரம் ஏறாமல் தடுக்க அடியில் எதுவும் கிடையாது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்துளைகள் வழியே ஈரம் மேலே வரும், கூடவே உப்பும் வரும். சுவர் சுண்ணாம்பு பூசியதாக இருந்தால் ஈரம் வெளியே ஆவியாகிவிடும், உப்பு மேலே பூத்து நிற்கும், தும்புத்தடியால் தட்டிவிடலாம். எமல்ஷன் காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோல். ஆவி அதைத் தாண்டப் படாதபாடு படும், ஈரம் தோலுக்குப் பின்னாலேயே தேங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கறியுப்பு படிகமாகும், மேலே போனால் கரையும். எங்கள் ஊரில் அது மாறிமாறி நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் படிகம் வளர்ந்து துளையின் சுவரை நெருக்கிச் சாந்தை உடைக்கிறது.

சரி, அப்படியென்றால் வெள்ளை மட்டும்தானா? இல்லவே இல்லை. சுண்ணாம்புக்கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமிலவாயு போய்விடும், தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். (முன்பு கடலில் எடுக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லைத்தான் சுட்டார்கள், இப்போது கரையோரத்தில் அதை வெட்டுவது குற்றம், அது குற்றமாகவே இருக்கட்டும்.) நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசினால் காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை வாங்கி மறுபடி கல்லாகும். கலந்த நிறத்தூள் அந்தப் படிகங்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். நிறம் கல்லோடு கல்லாகிவிடும், துளைகளும் திறந்தபடி இருக்கும்.

எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. காவியும் மஞ்சள் காவியும் இரும்பு ஆக்சைடுகள், அசையாது. பிரஷ்யன் நீலம் போட்டால் துருப்போலப் பழுப்பாகிப்போகும். உடுப்புக்குப் போடுகிற பழைய நீலத்தூள் அல்ட்ராமரீன், அது காரத்தில் நிற்கும். அதன் நிறம் எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த ஒரு அயனி, அலுமினியமும் சிலிக்காவும் கட்டிய நுண்ணிய கூண்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அமிலம் பட்டால் கூண்டு உடைந்து கூழ்முட்டை மணம் வரும், நீலமும் போய்விடும். தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

தூள் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கையில் ஒட்டும். ஈரத்தில் கறுப்பாகத் தெரிகிற நீலம் காய்ந்தால் பல மடங்கு வெளுக்கும், அதனால் மூலையில் ஒரு சாண் அடித்துக் காயவைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசும் நாட்களில் அடிக்கவே வேண்டாம். சுண்ணாம்பு கல்லாக ஈரம் வேண்டும், கச்சான் அதை ஒரு மணித்தியாலத்தில் உறிஞ்சிவிடும், மிஞ்சுவது தூசிதான். நாங்கள் அம்மம்மா வீட்டில் பழைய தோலைச் சுரண்டி எடுத்து, மாசியில் விடியப்புறம் சுவரை நனைத்து, பால்போல நீர்க்கக் கரைத்து ஐந்து தரம் அடித்தோம். இரண்டு மாரி போய்விட்டது. அடியில் கொஞ்சம் உப்புப் பூக்கிறது, தட்டிவிட்டால் நீலம் அப்படியே இருக்கிறது.